ரெப்போ குறைந்தும் இஎம்ஐ குறையவில்லையா? கோபப்பட வேண்டிய இடம் வேறு!

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைத்த அன்று சாயங்காலமே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி வந்துவிடும்: “மச்சி, உனக்கு இஎம்ஐ குறைஞ்சுதா?” 2025-ல் மட்டும் நான்கு முறை குறைத்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 6.50 சதவிகிதமாக இருந்தது, டிசம்பரில் 5.25 ஆனது. நான்கு முறையும் பெரும்பாலானவர்களின் பதில் ஒன்றுதான்: “இல்லடா, அதே தொகைதான் போகுது.”

உடனே வங்கி நம்மை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

50 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவிகிதம். மாதத் தவணை சுமார் 43,390 ரூபாய். வட்டி 7.25-க்கு இறங்கினால் தவணை 39,520-க்கு வரும். மாதம் 3,870 ரூபாய் மிச்சம். 20 வருடத்தில் 9 லட்சத்துக்கு மேல். நல்லதுதானே? ஆனால் தவணையைத் தொடாமல் அதே 43,390-ஐக் கட்டிக்கொண்டே போனால், கடன் மூன்றரை வருடம் முன்னதாகவே முடிந்துவிடும். மிச்சம் சுமார் 18 லட்சம், அதாவது இரண்டு மடங்கு! வட்டி குறையும்போது பல வங்கிகள் இதைத்தான் செய்கின்றன. தவணை அப்படியே இருக்கும், காலம் சுருங்கும். அதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதில்லை என்பதுதான் குறை.

இதே ஏற்பாடு வட்டி ஏறும்போது நம் கழுத்தைப் பிடிக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50-க்குப் போனது. 6.65 சதவிகிதத்தில் அதே 50 லட்சத்தைப் புதிதாக வாங்கியவரின் தவணை சுமார் 37,720. வட்டி 9.15 ஆனபோது ஒரு மாத வட்டி மட்டுமே 38,125 ரூபாய்! தவணையை ஏற்றாவிட்டால் முழுத் தவணையும் வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் கூடும். ரிட்டயர்மென்ட் தாண்டியும் கடன் நீள்கிறது என்று பலர் கண்டுபிடித்தது அப்போதுதான். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், அசல் கூடும் நிலைக்கு விடக்கூடாது என்று உத்தரவிட்டது.

வங்கிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. நமக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி ரெப்போவில் வாங்கியதல்ல, மக்களின் டெபாசிட். போன வருடம் 7 சதவிகிதத்துக்குப் போட்ட எஃப்டி-க்கு, முதிர்வு வரை 7 கொடுத்தே ஆக வேண்டும். சரி. ஆனால் 2022-ல் கடன் வட்டி ஏறிய வேகத்தில் நம் எஃப்டி வட்டி ஏறியதா? சேவிங்ஸ் அக்கவுன்ட் வட்டி? அப்போது இந்த நியாயம் எங்கே போயிருந்தது?

என் கோபம் ‘ஸ்ப்ரெட்’ மீதுதான். 2019 அக்டோபர் முதல், புதிதாகத் தரும் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்களை வங்கிகள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தே தர வேண்டும். அதற்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் சதவிகிதமே ஸ்ப்ரெட். புது கஸ்டமரை இழுக்க அதைக் குறைத்துத் தருவார்கள். ஐந்து வருடமாக ஒழுங்காகக் கட்டுகிறவர் பழைய ஸ்ப்ரெட்டிலேயே கிடப்பார். ஸ்ப்ரெட்டின் சில பகுதிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்ற விதியும், வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைப்பதற்காக 2025 அக்டோபரில் தளர்த்தப்பட்டுவிட்டது. குறைப்பது கட்டாயமல்ல என்பதால், கேட்காதவருக்குக் கிடைக்காது.

என் கிளையில் முதல் தடவை கேட்டபோது, “சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல சார்” என்றார்கள். வேறு வங்கிக்கு மாற்றப்போகிறேன், ஸ்டேட்மென்ட் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆப்ஷன் வந்துவிட்டது.

உங்கள் கடன் பழைய எம்சிஎல்ஆரில் இருக்கிறதா, ரெப்போவிலா என்று ஆப்பிலேயே பாருங்கள். வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் வாங்கியிருந்தால் இந்த ரெப்போ விதியே அவர்களுக்குப் பொருந்தாது, அதனால் இன்னும் கவனமாகப் பாருங்கள். தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தாலோ, மாற்றினாலோ அபராதம் கிடையாது. புது இடத்தில் பிராசஸிங், லீகல் செலவு மட்டும் வரும். அதைக் கழித்துவிட்டுக் கணக்கு போடுங்கள்.