விசுவாசம் குறைந்ததாலா?

ஜெபத்தில் கேட்பவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள் என்னும் மாற்கு 11:24-ஐ எடுத்துக்காட்டி, "கேட்டது கிடைக்கவில்லையா? உங்கள் விசுவாசத்தில்தான் குறை" என்று சிலர் போதிக்கிறார்கள். இந்த வாதம் வேதாகமத்தின் முன்னாலேயே நிற்காது. மாம்சத்தில் தைத்த முள் நீங்கவேண்டுமென்று பவுல் மூன்று முறை மன்றாடினார்; முள் நீங்கவில்லை, தாங்கக் கிருபைதான் கிடைத்தது. பாடுகளின் பாத்திரம் நீங்கவேண்டுமென்று கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கா விசுவாசம் போதவில்லை?

நெல்லைச் சீமைக்கே வருவோம். 1931-இல் களக்காட்டில் குழிக்குள் விழுந்து காலொடிந்த மிஷனெரி எமி கார்மைக்கேல், 1951-இல் இறக்கும்வரை டோனாவூரில் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். அவருக்காக ஜெபிக்க ஆளில்லையா? அவர் எடுத்து வளர்த்த பிள்ளைகளே அங்கே நிறைந்திருந்தார்கள். அந்தப் படுக்கையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார்.

டயாலிசிஸ் வார்டில் மகனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், எண்ணெய்க் குப்பியைத் திறந்துகொண்டே, "இன்னும் விசுவாசமா ஜெபிக்கணும்மா" என்கிறவர், அவள் தலையில் இரண்டாவது பாரத்தை ஏற்றுகிறார். அது ஊழியம் அல்ல, கொடுமை. அவள் அழுது கேட்கட்டும். பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? பதில் வேறு விதமாக வந்தால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற உங்களுக்கு அதிகாரம் தந்தது யார்?