சில்லு தரையைத் தொட்டால் பயணம் முடிந்துவிடுமா?

விமானம் தரையைத் தொட்டதும் பயணிகள் நிம்மதிப் பெருமூச்சு விடுவது வழக்கம். ஆனால், வாலின் கீழ் சிறு சில்லு பொருத்திய சிறிய விமானங்களைச் செலுத்துவோருக்கு ஆபத்தான வேளை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

காரணம் எளிமையானது. இவ்விமானங்களின் ஈர்ப்பு மையம் பிரதான சில்லுகள் இரண்டுக்கும் பின்னால் அமைந்திருக்கிறது. ஓடுபாதையில் விமானம் சற்றே திசைமாறினாலும், பின்னாலுள்ள எடை முன்னே செல்ல முயன்று அத்திருப்பத்தை மேலும் பெரிதாக்கிவிடும். மூக்குச் சில்லு கொண்ட விமானங்களிலோ எடை முன்னால் இருப்பதால் திருப்பம் தானாகவே நேராகும்.

வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலுவும் குறைகிறது. மூக்கு உயர்ந்து நிற்பதால் நேரெதிரேயுள்ள பாதை விமானிக்குத் தெரிவதில்லை. பக்கக் காற்று வீசினால் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த வேளையில் விமானியின் கால்கள் ஓரிரு வினாடிகள் தாமதித்தாலே போதும். விமானம் தரையிலேயே சுழன்று, இறக்கை நுனி உரச, சில்லுத் தாங்கி முறிந்துவிடலாம்.

புகழ்பெற்றவர்களையும் இவ்விதி விட்டுவைத்ததில்லை. 1937 மார்ச் 20 ஆம் திகதி ஹவாயில் அமெலியா இயர்ஹார்ட்டின் லொக்ஹீட் எலெக்ட்ரா விமானம் இவ்வாறே சுழன்று சேதமடைந்தது. அது மேலெழ ஓடுகையில் நேர்ந்தது என்றாலும், இயற்பியல் ஒன்றுதான்.

1956 இல் செஸ்னா நிறுவனம் தனது 170 ரக விமானத்தின் வால் சில்லை நீக்கி, மூக்குச் சில்லுடன் 172 ரகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்விமானம் 44,000 க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. தரையிறங்குவது இலகுவானது, ஆனால் அதிலேயே பழகிய தலைமுறைகளின் கால்கள் சுக்கானை மறந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

அமெரிக்கச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வால் சில்லு விமானத்தைத் தனித்துச் செலுத்தப் பயிற்றுநரின் சான்று வேண்டும். 1991 ஏப்ரல் 15 க்கு முன்னரே அவற்றைச் செலுத்தியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயணிகளை ஏற்றுவதாயின், முந்திய 90 நாட்களுக்குள் மூன்று தடவை மேலெழுந்து தரையிறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விமானம் முற்றாக நின்றிருக்கவும் வேண்டும். தொட்டுவிட்டு மீண்டும் எழுவது கணக்கில் சேராது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், தனியே பறப்பவருக்கு இந்நிபந்தனை இல்லை. ஒருமுறை பெற்ற சான்று ஆயுள் முழுவதும் செல்லும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்றுநருடன் செய்யவேண்டிய மீளாய்வுப் பறப்பையும் மூக்குச் சில்லு விமானத்திலேயே முடித்துக்கொள்ளலாம். இது எவ்வாறு நியாயமாகும்?

இத்தகைய விபத்துகளில் உயிர்கள் போவது அரிது, உடைவது விமானிக்குச் சொந்தமான உலோகம்தானே என்று வாதிடுவோர் உளர். ஓடுபாதையை விட்டு விலகிய விமானம், அருகே நிற்பவர் யார் என்று பார்ப்பதில்லை. அத்துடன், பயணிகள் இல்லை என்பதற்காகப் பக்கக் காற்று ஓய்ந்துவிடுவதுமில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பின் வால் சில்லு விமானத்தில் ஏறுபவர், முதலில் பயிற்றுநர் ஒருவருடன் பறந்து, முற்றாக நிற்கும்வரை விமானத்தை நேராகச் செலுத்திக் காட்டவேண்டும் என விதித்தால் என்ன? ஒரு முற்பகல் பொழுது செலவாகும். முறிந்த இறக்கையைச் சீர்செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல.