கிழித்துப் போட்டது குப்பை இல்லை

கொட்டாஞ்சேனை வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும்தான் இது. மகன் காட்போடில் கொன்டேனர் லொறி செய்தால், "டியூஷன் நேரத்துல என்னடா குப்பை" என்று கிழித்துப் போடுகிறீர்கள். 40 அடிக் கொன்டேனரின் நீளம் 12.19 மீற்றர். 1:24 அளவில் அது எத்தனை சென்ரிமீற்றர்? 50.8. இதை அவனே கணக்குப் பார்த்து வெட்டியிருக்கிறான். விகிதத்தைப் பாடமாக்கிய எத்தனை பிள்ளைகள் இதைச் செய்யும்? ட்ரெய்லரில் கொன்டேனரைப் பூட்டுகிற நாலு மூலை லொக்கையும் அவன் விடவில்லை. துறைமுகத்துக்குப் போகிற லொறிகளை நாம் ஹோர்ன் சத்தத்துக்குத் திட்டுகிறோம், அவன் நின்று பார்த்திருக்கிறான். இத்தாலேரி கிட் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை, அந்த விலை நமக்குக் கட்டாது. பழைய பெட்டியும் பசையும் போதும். இன்று இரவு அவனோடு உட்கார்ந்து, கிழித்ததை ஒட்டிக் கொடுங்கள்.