டிஸ்க் மாட்டும் முன் டிரம்மைக் கழற்றிப் பார்

போன வாரம் என் தங்கை மகன் வந்திருந்தான். 1977 மாடல் அம்பாசடர் மார்க் 3 ஒன்றை வாங்கியிருக்கிறான். வண்டி பார்க்க லட்சணமாக இருக்கிறது. "மாமா, இந்த டிரம் பிரேக்கை நம்பி எப்படித்தான் ஓட்டினீங்க? முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றான்.

"போடு மாப்பிள்ளை. ஆனா முதல்ல நாலு டிரம்மையும் கழற்றிப் பாரு" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

1986-ல் எங்கள் அம்பாசடரில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். பேச்சு சுவாரஸ்யத்தில் மூன்றாவது கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி வந்தேன். பாதி வழியில் கருகல் வாடை. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் ஆழமாக இறங்குகிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். பின்சீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். அரை மணி நேரம் ஆறிய பிறகு பிரேக் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்தது!

நடந்தது இதுதான். டிரம்முக்குள் உண்டாகும் சூடு சீக்கிரம் வெளியேறாது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். டிரம்மின் இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் திறந்தபோது தெரிந்தது, பாதிக் குற்றம் என்னுடையது என்று.

முன் டிரம்களை முன்பு லேத்தில் கடைந்திருந்தார்கள். டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிட்டது. புது லைனிங்கோ பழைய அளவு. அதனால் நடுவில் மட்டும் உரசியிருக்கிறது, இரண்டு ஓரமும் புதிதாகவே இருந்தன. பின்சக்கரம் ஒன்றில் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் ஊறிப்போயிருந்தது. பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, ஷூ எங்கே தொடுகிறது என்று பாருங்கள். முழுதாகத் தொடாவிட்டால் லைனிங்கை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதிகம் கடைந்து மெலிந்த டிரம்மைத் தூக்கிப் போடுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது ஏமாற்று வேலை. அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் புதிது போடவேண்டும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டையும் திருகவேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியை வாயால் ஊதாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, பெடலில் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கு என்ன பெரிய செலவு?

டிஸ்க் நல்லதுதான். மழையிலும் மலையிலும் டிரம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் டிஸ்க்குக்கு மிதிக்கும் அழுத்தம் அதிகம் வேண்டும். பூஸ்டர் தேவைப்படும், மாஸ்டர் சிலிண்டரும் பொருந்தவேண்டும். தவிர, பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. பின்சக்கர சிலிண்டர் கசியும்போது முன்னால் பளபளவென்று டிஸ்க் மாட்டி என்ன பயன்? காசு இருந்தால் முதலில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்த மாஸ்டர் சிலிண்டரை, விஷயம் தெரிந்தவர் கையால் போடச் சொல்வேன்.

இன்னொன்று, காசே ஆகாதது. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது அந்தக் கால டிரைவர்கள் சொன்ன பாடம். எனக்கும் சொல்லியிருந்தார்கள். அன்று நான்தான் கேட்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தான். "மாமா, பின்னாடி இடது பக்கம் லைனிங் பூரா எண்ணெய்" என்றான். டிஸ்க் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி மலை இறங்கிய அனுபவம் இருக்குமே, எழுதுங்கள்.