மாணாக்கர் எழுத்தும் பெரியோர் கடமையும்

2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி ஜில்லாவில் சின்னசேலத்தையடுத்த கனியாமூரில் நடந்ததை நேயர்கள் மறந்திரார். அங்குள்ள தனியார் பாடசாலையொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு வாசித்து வந்த மாணவி ஒருத்தி அம்மாதம் 13-ஆம் தேதி மரணமடைந்தாள். அம்மரணத்தின் காரணம் யாதென்பதைப் போலீஸாரும் மருத்துவரும் ஆராய்ந்து நியாயஸ்தலத்திற்கு அறிவிக்குமுன்னரே, கைப்பேசிகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களின் வழியே வதந்தியும் அழைப்பும் ஒன்றாகப் பரவின. நான்கே நாட்களில் பெருங்கூட்டம் திரண்டது. பாடசாலையின் பஸ்கள் கொளுத்தப்பட்டன. மேசை நாற்காலிகள் சூறையாடப்பட்டன. அங்கு வாசித்த மற்ற மாணாக்கர்களுடைய சான்றிதழ்களும் தீக்கிரையாயின. நீதி கேட்கச் சென்றதாகச் சொல்லிக்கொண்ட கூட்டம், அக்கலகத்திற்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆதாரமான காகிதங்களைச் சாம்பலாக்கிற்று! மறுநாள் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி திரு. சதீஷ் குமார், அக்கலகத்தை விசாரிக்கத் தனிப் போலீஸ் குழு அமைக்கும்படி உத்தரவிட்டதோடு, சமூக ஊடகங்களில் தனி விசாரணை நடத்துவோர்மீதும் நடவடிக்கை எடுக்கும்படி கூறினார்.

அவ்வழக்கின் உண்மைகளைப் பற்றி நாம் இங்கு எழுத முன்வரவில்லை. அது நியாயஸ்தலத்தின் வேலை. நாம் கவனிக்க விரும்புவன வேறிரண்டு விஷயங்கள். கலகத்திற்குப்பின் கைது செய்யப்பட்ட நூற்றுக்கணக்கானவருள் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர்களும் இருந்தனர். இஃதொன்று. இறந்த பெண்ணின் பெயரும் உருவப்படமும், அவள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதமுங்கூட, தேசமெங்கும் கைக்குக் கை மாறின. இஃது இரண்டாவது. பிறர் எழுதியதை ஆராயாமல் அனுப்பிய கைகளில் இளைஞர் கைகள் பல. அவர்களுக்கு அங்ஙனம் செய்யலாகாதென்று பாடசாலையில் ஒருநாளேனும் ஒருவர் கற்பித்ததுண்டா?

இதினின்று நமது கல்வி அதிகாரிகளிற் சிலரும் தலைமையாசிரியர்களிற் பலரும் கொண்ட முடிவு எளிது: மாணாக்கர் எழுதுவது பொதுஜனங்கள் பார்வைக்கு வரவே கூடாது; வகுப்பின் பெயரால் இதழும் வேண்டாம், இணையத்தில் பக்கமும் வேண்டாம் என்பதே அது. அஞ்சியவன் வீட்டைப் பூட்டிக்கொள்வது இயல்பு. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. 1907-இல் ரிஸ்லி துரை, மாணாக்கர் அரசியற் கூட்டங்களிற் சேரலாகாதென்று சுற்றறிக்கை விடுத்தார். அதனால் மாணாக்கர் வாயடைத்து நின்றுவிடவில்லை. உபாத்தியாயர் காணும் இடத்தை விட்டு அவர் காணாத இடத்திற்குப் போயினர். இன்றும் அதுவே நிகழும். பாடசாலை இதழில் எழுதத் தடையுண்டானால், பதினைந்து வயதுப் பையன் எழுதாமலிரான். திருத்துவாருமில்லாத, கேட்பாருமில்லாத இடத்தில் எழுதுவான்.

நிற்க. கல்வராயன் மலையைச் சற்று நோக்குவோம். மலையாளிகள் என வழங்கும் பழங்குடி மக்கள் வாழும் அம்மலையைப் பற்றிச் சமவெளியார் அறிந்தது என்ன? 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபொழுது, பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் மலையின் பெயர் அடிபட்டது; சாராயம் காய்ச்சும் மலை என்பதற்காக அடிபட்டது. அதன்பின் அம்மலைவாசிகளின் நிலையைப் பற்றிச் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, சாலை, வைத்தியசாலை, பாடசாலை ஆகிய வசதிகளைக் குறித்து சர்க்காரைக் கேள்விகள் கேட்டது. இத்தனைக்கும் நடுவில், மலைப்பிள்ளை ஒருவன் தன் மலையைப் பற்றித் தானே எழுதியதை நாம் எங்கேனும் வாசித்தோமா? கடுக்காய் பொறுக்குவதையும், சாமை விதைப்பதையும், மரவள்ளிக் கிழங்குக்கு வியாபாரி சொல்லும் விலையையும் அவனைக்காட்டிலும் நன்கறிந்தவர் யார்? பிறர் எழுதியே அறியப்பட்ட ஜனசமூகம் தானே எழுதத் தொடங்குவது சிறு காரியமன்று. அதற்கு முதற்படி வகுப்பிதழே.

வகுப்பிதழ் நமக்குப் புதியதன்று. முழுத்தாளை இரண்டாய் மடித்து, அழகிய கையெழுத்துடைய பையனைக்கொண்டு எழுதுவித்து, ஓவியம் வரையத் தெரிந்தவனைக்கொண்டு அட்டை தீட்டி, வாசகசாலை மேசையில் வைத்த கையெழுத்துப் பத்திரிகைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. தமிழ்நாட்டரசும் தன் பாடசாலைகளின் மாணாக்கர்களுக்கென 2022-இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் இதழ்களை வெளியிடத் தொடங்கிற்று. ஆயினும் கையெழுத்துப் பத்திரிகைக்கும் இணையத்தில் ஏறும் இதழுக்கும் ஒரு பேதமுண்டு. அதைச் சொல்லாமல் இவ்விஷயத்தை ஆதரிப்பது மோசமாகும். மேசையிலிருந்த இதழை நாற்பது பேர் வாசித்தனர். அந்நாற்பதின்மரையும் உபாத்தியாயர் அறிவார். இணையத்தில் வாசிப்பவன் யாரென்று எவரும் அறியார். மேசையிதழ் வருஷ முடிவில் பழந்தாள் கடைக்குப் போகும். இணையத்திலேறியது அப்பிள்ளைக்கு முப்பது வயதானபொழுதும் அவன் பெயரோடு நிற்கும்.

ஒரு கற்பனை உதாரணம் சொல்வோம். மலைப் பாடசாலையொன்றில் 'என் வீடு' என்று வியாசம் கொடுக்கிறார் உபாத்தியாயர். எட்டாம் வகுப்புச் சிறுமி எழுதுகிறாள்: அப்பாவும் அம்மாவும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள், பொங்கலுக்குத்தான் வருவார்கள், நானும் பாட்டியும் இருக்கிறோம், பாட்டிக்குக் காது கேளாது, ஓடைக்கு அப்பால் கடைசி வீடு எங்களுடையது. நல்ல எழுத்து, ஒரு சொல்லும் பொய்யில்லை. இதை அவள் பெயரோடும், ஊரோடும், சீருடையணிந்த படத்தோடும் உலகத்தார் முன் வைத்தால், தீயவன் ஒருவனுக்கு நாமே வழிகாட்டினோமாவோம். ஆகவே அவ்வியாசத்தைக் கிழித்தெறிவதா? கூடாது. பெயரை நீக்கி, ஊரை நீக்கி, கடைசி வீடென்பதை நீக்கி, பாட்டியை வைத்துக்கொள்ளலாம். எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்பதை அச்சிறுமிக்கே பக்கத்திலிருத்திச் சொல்லல் வேண்டும். அவள் கற்கும் பாடம் அதுவே. கைப்பேசியில் எடுக்கும் படம், எடுத்த இடத்தையும் நேரத்தையும் தன்னுள்ளே பதித்துக்கொள்வதுண்டு என்பதைப் படித்த ஆண்மக்களிற் பலரே அறியார். அதையும் அவள் அறிந்துகொள்வாள்.

இதனினும் கடினமான சமயம் ஒன்றுண்டு. பையன் ஒருவன் தன் ஊரில் இன்னார் சாராயம் காய்ச்சுகிறார் என்று எழுதிவிடுகிறான். அல்லது பெண்குழந்தை ஒருத்தி தனக்கு வீட்டிலோ வழியிலோ நேரும் துன்பத்தைக் கதை போல எழுதிக் கொடுக்கிறாள். இவற்றை இதழில் வெளியிடுதல் பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதாகும். மேசையறைக்குள் போட்டுப் பூட்டுதலோ அதனினும் கொடிது. குழந்தைகளுக்கெதிரான பாலியற் குற்றங்களைத் தடுக்கும் 2012-ஆம் வருஷத்துச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைப் போலீஸுக்குத் தெரிவித்தே ஆகவேண்டுமென்று கட்டளையிடுகிறது, தெரிவியாமை குற்றம். அக்குழந்தையின் பெயர், படம், பாடசாலை முதலிய அடையாளங்களைப் பத்திரிகைகள் வெளியிடலாகாதென்றும் அதே சட்டம் கூறுகிறது. 1098 என்ற எண்ணுக்கு உபாத்தியாயர் பேசலாம். பேச அஞ்சும் உபாத்தியாயர் வகுப்பிதழ் நடத்தத் தகுதியுடையவரல்லர் என்று நாம் தயங்காமற் சொல்லுவோம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பத்திரிகைத் தொழிலில் பழைய கேள்வி. 1867-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையும் அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயரைத் தாங்கி வரவேண்டியிருந்தது. 1908-இல் 'இந்தியா' பத்திரிகையின்மீது ராஜநிந்தனை வழக்கு வந்தபோது, ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த ஸ்ரீநிவாஸன் என்பவரே சிறை சென்றார். பெயர் கொடுத்தவர் பதில் சொல்வர்! வகுப்பிதழின் அடியிலும் உபாத்தியாயர் பெயரும் தலைமையாசிரியர் பெயரும் முழுமையாக நிற்கட்டும். பிள்ளைகளின் பெயர் முதலெழுத்தளவில் நின்றால் போதும். நடைமுறையில் இது தலைகீழாக இருக்கக் காண்கிறோம். பரிசு வாங்கிய பிள்ளையின் முழுப்பெயரும், தந்தை பெயரும், ஊரும், முகமும் உபாத்தியாயரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காலை முதல் மாலை வரை தொங்குகின்றன. பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்லும் பெரியோர், முதலில் தம் கைப்பேசியைத் திறந்து பார்த்துக்கொள்வது நலம்.

பெற்றோர் சம்மதத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 2023-ஆம் வருஷத்து எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டுமென்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் நன்று. ஆனால் மலையில் பெற்றோர் பலர் கைரேகை வைப்பவர்; அச்சிட்ட தாளை நீட்டி ரேகை வாங்குவது சம்மதமாகாது. கல்வியுரிமைச் சட்டத்தின்கீழ் அரசாங்கப் பாடசாலைகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மையினர். அக்கூட்டத்தில் இதழை விரித்துக் காட்டி, வாசித்துக் காட்டி, 'உங்கள் மகன் எழுதியது இது, இதை வெளியூரார் வாசிப்பர், விருப்பமா?' என்று கேட்பதே சம்மதம் பெறும் வழி. வேண்டாமென்ற தாயின் பிள்ளை எழுதியது வகுப்புச் சுவரளவில் நிற்கட்டும். அதனால் அவனுக்கு மதிப்புக் குறையலாகாது.

பிறர் எழுதியதைத் தமதென்று காட்டுதல், தோழனை இழிவாக எழுதுதல், சாதிப்பெயர் சொல்லிச் சுடுதல் ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவை மேசையிதழிலும் குற்றமே. வாசகர் பதில்கள் உபாத்தியாயர் கண்ணுக்குப் படாமல் வெளிவரலாகாதென்பது மட்டும் புதிது.

அயல்நாடுகளில் இவ்விஷயம் வேறு விதமாக நடக்கிறது. ஆஸ்திரேலிய சர்க்கார், பதினாறு வயதுக்குட்பட்டவர் பெரிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்துக்கொள்ளலாகாதென்று 2024-இல் சட்டம் இயற்றி 2025 டிசம்பர் 10 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது. நம்மவர் சிலர் அதை மேற்கோள் காட்டி, மாணாக்கர் எழுத்தையே தடுக்கலாமென்பர். அச்சட்டம் பெருங்கம்பெனிகளின் கடைக்குள் சிறுவர் நுழைவதைத் தடுக்கிறது. வகுப்பறையில் உபாத்தியாயர் மேற்பார்வையில் இதழ் எழுதுவதைத் தடுக்கவில்லை. சாராயக்கடையை மூடுவதும் கிணற்றை மூடுவதும் ஒன்றல்ல.

மலைமேல் கைப்பேசிச் சைகை கிடைக்காத ஊர்கள் பல. அங்கு இணைய இதழ் எங்ஙனம் நடக்கும் என்று கேட்பாருமுளர். தாளில் நடக்கும். வெள்ளிமலையிலோ சமவெளியிலோ உள்ள பாடசாலையொன்று அத்தாளைப் பெற்று, மேற்கூறிய முறையிலேயே திருத்தி, தன் இதழோடு சேர்த்து ஏற்றலாம். அச்சடித்த பிரதியொன்றை மலைக்குத் திருப்பி அனுப்பவேண்டும், எழுதிய பிள்ளை தன் எழுத்தைக் கண்ணாற் காணும்பொருட்டு. இதற்கு வேண்டுவது ஓர் உபாத்தியாயரின் வாரத்திற்கு இரண்டு மணி நேரமும், சிறிது காகிதமும், தபால் செலவுமே. உண்டு உறைவிடப் பாடசாலைகளை நடத்தும் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நல இலாகாவும் கள்ளக்குறிச்சிக் கலெக்டரும் அந்த இரண்டு மணி நேரத்தை அட்டவணையில் இடம்பெறச் செய்வார்களா?