இரைப்பை சின்னதாகிவிட்டது... வீடு தயாரா?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. இரவில் விழிப்பு, நேரம் தவறிய சாப்பாடு. எடை கூடி, சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்துகொண்டால், ‘பெங்களூரு போய் ஆபரேஷன் பண்ணிக்கலாமா?’ என்ற பேச்சு வீட்டில் வந்துவிடுகிறது.

பண்ணிக்கொள்ளலாம். ஆனால், அவசரம் வேண்டாம். 2024 ஏப்ரலில், சென்னை பம்மலில் இந்த அறுவை சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதி இல்லையென்று அந்தத் தனியார் மருத்துவமனையின் உரிமத்தை அரசு தற்காலிகமாக நிறுத்தியது. எனவே, பேக்கேஜ் கட்டணத்தைக் கேட்கும் முன் ஐ.சி.யூ. இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்த பாதி வீட்டில்தான். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் சுமார் 80 சதவிகிதத்தை நீக்கிவிடுகிறார்கள். முதலில் திரவ உணவு, பிறகு மசித்தது, அதன் பிறகே திட உணவு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தினமும் 60 கிராம் புரதமாவது வேண்டும். வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. சில மாதங்களில் முடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் காய்ச்சல், படபடப்பு, தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேன்டீனில் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதும் இனி ஆகாது. வேலைக்குத் திரும்பும் முன்பே சூப்பர்வைசரிடம் பேசிவிடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. களி உருண்டையை வைத்து, ‘இன்னும் ஒரு வாய்’ என்பது நம் ஊர் பாசம். இப்போது அந்த ஒரு வாய் வாந்தியில் முடியும். ‘போதும்’ என்று அவர் சொன்னால், வருத்தப்படாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அதுவும் பாசம்தான்.