5 ஆண்டு உதவித்தொகை, 6 ஆண்டு ஆய்வு: உயிர்மருத்துவ ஆய்வு மாணவர்களை வாட்டும் இடைவெளி

முனைவர் பட்ட ஆய்வில் சேரும் மாணவர்களுக்கு மத்திய அரசின் முக்கிய உதவித்தொகைத் திட்டங்கள் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குப் பணம் வழங்குகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளோ ஆய்வை முடிக்க 6 ஆண்டுகள் வரை அவகாசம் அளிக்கின்றன. மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். அதாவது, ஆறாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவருக்கு ஆய்வைத் தொடர அனுமதி உண்டு, வருமானம் இல்லை.

இந்த இடைவெளி எல்லாத் துறைகளுக்கும் பொதுவானதுதான். ஆனால் உயிர்மருத்துவம், சுகாதார அறிவியல் ஆகிய துறைகளில் ஆய்வு எப்போது முடியும் என்பது மாணவரின் உழைப்பை மட்டும் பொருத்ததல்ல. நுண்ணுயிரிகள் வளரும் வேகம், நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதல், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வேதிப்பொருள்கள் எனப் பலவும் அதைத் தீர்மானிக்கின்றன. உதவித்தொகை பற்றிய விவாதம் பெரும்பாலும் தொகையைச் சுற்றியே நடக்கிறது. காலம் பற்றிய கேள்வி அதில் பின்தங்கிவிடுகிறது.

தொகை எவ்வளவு உயர்ந்தது?

மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை 2023 ஜூனில் வெளியிட்ட உத்தரவின்படி, இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் ரூ.31,000-இலிருந்து ரூ.37,000 ஆகவும், முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை ரூ.35,000-இலிருந்து ரூ.42,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. இந்த உயர்வு 2023 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது. தகுதியுடையோருக்கு வீட்டு வாடகைப்படி தனி. முதல் 2 ஆண்டுகள் இளநிலை, அடுத்த 3 ஆண்டுகள் முதுநிலை என்பதே வழக்கமான ஏற்பாடு.

இதற்கு முந்தைய உயர்வு 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, 4 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த உயர்வு ஏறத்தாழ 20 சதவீதம். அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. ஆய்வு மாணவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு உயர்வுக்கும் முன்பு அவர்கள் வீதிக்கு வந்து போராட நேர்ந்திருக்கிறது.

மாணவர்களுக்கிடையே ஏற்றத்தாழ்வும் அதிகம். 2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் தேர்வாகும் சிலருக்கு மாதம் ரூ.70,000 முதல் ரூ.80,000 வரை கிடைக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதித் தேர்வு வழியாக உதவித்தொகை பெறாதவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த தொகையோ பத்தாண்டுக்கும் மேலாக ரூ.8,000 என்ற அளவிலேயே இருந்து வந்தது. ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில் பணிபுரியும் இருவரின் மாத வருமானத்தில் இத்தனை வேறுபாடு இருக்க முடியும்.

ஆய்வகம் கேட்கும் காலம்

உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. எனவே காசநோய் ஆய்வு நாட்டுக்கு மிகவும் தேவை. ஆனால் காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. திட வளர்ப்பு ஊடகத்தில் அது வளர்ந்து கண்ணுக்குத் தெரிய 8 வாரங்கள் வரை ஆகலாம். ஒரு பரிசோதனை தவறினால் கிட்டத்தட்ட இரண்டு மாத உழைப்பு வீணாகும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைக் கையாள உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. அத்தகைய ஆய்வகங்கள் குறைவு என்பதால் முறைக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

விலங்குகளைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளிலும் இதே நிலைதான். சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 3 வாரங்கள். குட்டி இனப்பெருக்க வயதை எட்ட மேலும் 6 முதல் 8 வாரங்கள் ஆகும். மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலிகளைப் பல தலைமுறைகள் கலந்து ஆய்வுக்குரிய எண்ணிக்கையை எட்டுவதற்குள் ஓராண்டு கடந்துவிடும். மனிதர்களிடம் மாதிரி சேகரிக்கும் ஆய்வு என்றால், நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பிறகே முதல் ரத்த மாதிரியை எடுக்க முடியும். விலங்கு ஆய்வுக்கும் தனிக்குழு உண்டு. நோயாளிகளின் உரிமையையும் விலங்குகளின் நலனையும் காக்கும் இந்த நடைமுறைகள் இன்றியமையாதவை. ஆனால் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் மாதங்களும் மாணவரின் 5 ஆண்டுக் கணக்கிலேயே சேர்கின்றன.

ஆய்வுத் திட்டங்களின் நிதியை நம்பிச் சேரும் மாணவர்களின் நிலை இன்னும் கடினம். அத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கே அனுமதிக்கப்படுகின்றன. திட்டம் முடிந்தால் உதவித்தொகையும் நிற்கும்; வழிகாட்டிப் பேராசிரியர் அடுத்த நிதியைப் பெறும்வரை மாணவர் காத்திருக்க வேண்டும்.

ஒரு வரி உயர்வு காட்டிய உண்மை

எதிர்ப்பொருள், நொதி, செல் வளர்ப்பு ஊடகம் போன்ற ஆய்வுப் பொருள்களுக்கு இந்திய ஆய்வகங்கள் பெருமளவு இறக்குமதியையே நம்பியுள்ளன. 2024 ஜூலை 23-இல் தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில், ஆய்வக வேதிப்பொருள்களுக்கான அடிப்படை சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தப்பட்டது. விஞ்ஞானிகள் கடும் கவலை தெரிவித்ததை அடுத்து, ஆய்வகப் பயன்பாட்டுக்காக உரிய உறுதிமொழியுடன் இறக்குமதி செய்வோருக்குச் சில நாள்களிலேயே பழைய 10 சதவீத வரி மீட்கப்பட்டது. பாதிப்பு தவிர்க்கப்பட்டது என்றாலும், ஆய்வு மாணவரின் அன்றாடப் பணி எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அந்த நாள்கள் உணர்த்தின.

கொள்முதல் விதிகளில் ஓரளவு தளர்வு வந்துள்ளது. 2025 ஜூனில் மத்திய அரசு, விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஆய்வு நிறுவனங்களுக்கு ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாகவும், கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பை ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.25 லட்சமாகவும் உயர்த்தியது. ஒரு குப்பி வேதிப்பொருளுக்காகப் பல வாரங்கள் கோப்பு நகரும் நிலையை இது மாற்றக்கூடும்.

ஆனால் பொருள் வந்தும் உதவித்தொகை வராத நிலை உண்டு. இன்ஸ்பையர் திட்டத்தில் உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள், பல மாதங்களாகப் பணம் வரவில்லை என்று 2025-இல் வெளிப்படையாகவே புகார் தெரிவித்தனர். நிதி வழங்கும் கணக்குமுறை மாற்றத்தை ஒட்டி எழுந்த இந்தப் பிரச்னை தீர்க்கப்படும் என்று துறை உறுதியளித்தது. வேறு வேலை செய்ய அனுமதி இல்லாத முழுநேர ஆய்வாளருக்கு, மாதத் தொகை தாமதமானால் வாடகைக்கும் உணவுக்கும் கடன் வாங்குவதைத் தவிர வழியில்லை.

பெண்களுக்குக் கூடுதல் சுமை

யுஜிசி விதிமுறைகள் பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் அளிக்கின்றன. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள்கள் வரை விடுப்பு எடுக்கலாம். வரவேற்கத்தக்க சலுகைகள் இவை. எனினும் பதிவுக் காலம் நீளும்போது உதவித்தொகைக் காலம் தானாக நீள்வதில்லை. குழந்தைப்பேற்றுக்குப் பின் ஆய்வகம் திரும்பும் பெண்ணுக்கு இருக்கை காத்திருக்கும். ஊதியம் காத்திருக்கும் என்ற உறுதி இல்லை.

பெரிய நிதி யாருக்கு?

அரசு ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2023-இல் சட்டம் மூலம் உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 5 ஆண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்ட இலக்கு வைக்கப்பட்டது. ஆனால் அதில் ரூ.36,000 கோடி அரசு சாராத வழிகளில் வரவேண்டியது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டம், தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்டகால நிதி வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. ஆய்வகத்தில் ஓரளவு நிரூபிக்கப்பட்ட தொழில்நுட்பங்களுக்கே அது உதவும். அந்த நிரூபணத்தைச் செய்து தருவோரில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள்தான். 2020-21 கணக்கின்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே.

உயிர்மருத்துவ ஆய்வின் பலன் தாமதமாகவே கிட்டும் என்பதற்கு ரோட்டாவேக் தடுப்பூசியே சான்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980-களின் நடுப்பகுதியில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட வைரஸ் வகையிலிருந்து உருவானது அது. தில்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் இறுதிக்கட்டப் பரிசோதனை நடந்தது. 2015-இல் அறிமுகமாகி, 2016-இல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் ஆய்வுப் பணி அறுபடாமல் தொடர்ந்ததால்தான் வயிற்றுப்போக்கால் உயிரிழக்கும் அபாயத்திலிருந்து குழந்தைகளைக் காக்கும் உள்நாட்டுத் தடுப்பூசி கிடைத்தது.

தொகையை அவ்வப்போது உயர்த்துவதோடு, மூன்று மாற்றங்கள் தேவைப்படுகின்றன. உதவித்தொகை மாதந்தோறும் குறித்த நாளில் கிடைக்க வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப அது தானாகத் திருத்தப்பட வேண்டும். ஆய்வின் இயல்பு காரணமாகத் தாமதம் நேர்ந்ததை நிறுவனம் உறுதி செய்தால், ஆறாம் ஆண்டுக்கும் உதவித்தொகை நீட்டிக்கப்பட வேண்டும். கடைசி ஆண்டில் ஒரு மாணவர் வெளியேறினால், அவருக்காக அரசு ஏற்கெனவே 5 ஆண்டுகள் செலவிட்ட பணமும் பலனின்றிப் போகும்.